கருவியும் கருத்தாவும்

சிவமயம்

சைவாசிரியர்களே,

சிவபெருமானுடைய திருவருளை முன்னிட்டு, இக்காலத்திலே நம்முடைய இல்லங்களிலும் பாடசாலைகளிலும் புகுந்து, பிள்ளைகளுடைய கண்ணையும் செவியையும் மனத்தையும் தம்வசமாக்கிக்கொள்ளும் புதிய கருவிகளைக் குறித்துச் சில கூறத் துணிந்தோம். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று அரிது. வினாவை எழுதிய மாத்திரத்தே விடையைக் கட்டுரையாக எழுதிக்கொடுக்கும் 'செயற்கை நுண்ணறிவு' என்னும் யந்திரமும் அக்கைத்தொலைபேசியினுள்ளே வந்து இருந்துவிட்டது. இவை வந்தபின் ஆசிரியர் எதற்கு என்று வினாவுவாரும் உளர். இவை யாவும் கலியின் கொடுமை, தீண்டலும் ஆகா என்று வெறுப்பாரும் உளர். இவ்விரு திறத்தார் கூற்றும் சைவநெறிக்குப் பொருந்தா என்பதும், பொருந்தும் நெறி இதுவென்பதும் இங்கே ஆராயப்படும்.

நம்முடைய சித்தாந்தம் ஆன்மாவை எவ்வாறு கூறுகின்றது? ஆன்மா அறிவுடைய பொருள். ஆயினும் ஆணவமல மறைப்பினாலே தானாக அறியமாட்டாது, அறிவிக்க அறிவது. ஆதலின் இறைவன் தன் பெருங்கருணையினாலே தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் மாயையினின்றும் தோற்றுவித்து அதற்கு உதவினான். நள்ளிருளிலே நிற்பவனுக்குக் கைவிளக்கு எப்படியோ, மலவிருளிலே கிடக்கும் உயிருக்குக் கருவிகளும் அப்படியே. கண்ணும் செவியும் கருவிகள். எழுத்தாணியும் ஏடும் கருவிகள். அச்சியந்திரமும் கணினியும் அவ்வினத்தனவே. ஆகவே, கருவி என்பதுபற்றி ஒன்றை வெறுத்தல் சைவமாகாது. வெறுக்கப் புகின், நம் கண்ணையும் நாம் வெறுத்தல் வேண்டும்.

அஃதன்றியும், சித்தாந்தம் மற்றுமோர் உண்மையை நமக்குக் காட்டுகின்றது. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினையுடையது. வெண்பளிங்கு செம்மலரின் அருகே வைத்தால் செம்மையாகவும், நீலமலரின் அருகே வைத்தால் நீலமாகவும் தோன்றுதல் போல, உயிரும் தான் எதனைப் பற்றி நிற்கின்றதோ அதன் தன்மையைத் தன் தன்மையாகக் கொண்டுவிடும். ஆகவே ஒரு புதுமை நம் வாயிலிலே வந்து நிற்கும்போது, "இது பழையதோ புதியதோ" என்றும், "இது யார் நாட்டிலே பிறந்தது" என்றும் வினாவுதல் பயனில் வினாக்களாம். வினாவவேண்டியவை இரண்டே. இக்கருவிக்குக் கருத்தா யாவர்? இதனைச் சார்ந்த பிள்ளை எவ்வண்ணமாம்?

குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இது நாம் மாணாக்கருக்கு நாள்தோறும் சொல்லும் உதாரணம். சக்கரம் எவ்வளவு விரைந்து சுழலினும், குயவன் கையில்லையாயிற் குடம் வனையப்படாது, மண்தான் சிதறும். இந்த உதாரணத்தைக் கைவிளக்காகக் கொண்டு மேலே செல்வாம்.

நம் முன்னோர் தங்காலத்துப் புதுமையை எவ்வாறு ஏற்றனர் என்பதை முதலில் நோக்குக. 1816-ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் அவர்களுக்கு இரண்டு கைகள்போல உதவின. 1841-ஆம் ஆண்டிலே 'உதயதாரகை' என்னும் பத்திரிகை வெளிவரத் தொடங்கிற்று. சைவர் வீடுகளிலோ ஏட்டுச்சுவடியே இருந்தது. ஒரு சுவடியை ஒருவர் பார்த்தெழுதி முடிப்பதற்குப் பலநாட் செல்லும்; அச்சுத்தாளோ ஒருநாளிலே நூற்றுக்கணக்காக வெளிவரும். ஏடு பரணிலே செல்லரித்துக் கிடக்க, துண்டுப்பிரசுரங்கள் சந்தைதோறும் வழங்கப்பட்டன. அந்நிலையிலே, அச்சு அந்நியருடைய கருவி, அது நமக்கு ஆகாதென்று சைவர் ஒதுங்கியிருந்தாராயின், இன்று நம் கையிலே உள்ள சைவநூல்களிற் பல நம் கைக்கு வந்திரா.

நல்லூரிலே 1822-ஆம் ஆண்டிற் பிறந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடத்து இருந்து, விவிலிய நூலின் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் உதவியவர். அச்சின் வலிமை எத்தன்மையது என்பதை அருகிருந்து அறிந்தவர். அவர் செய்தது யாது? 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே முதற் சைவப்பிரசங்கத்தைச் செய்தார். 1848-ஆம் ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849-ஆம் ஆண்டிலே சென்னைக்குச் சென்று, வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்தாரால் 'நாவலர்' என்னும் பட்டம் பெற்று, அச்சியந்திரத்தைக் கொணர்ந்து வண்ணார்பண்ணையிலே நிறுவினார். அதன்பின்னரே பாலபாடங்களும், 1852-ஆம் ஆண்டிலே பெரியபுராண வசனமும் வெளிவந்தன.

ஆசிரியர்களே, இம்மூன்றின் வரிசையை உற்றுநோக்குக. முதலிலே வாய், அடுத்துப் பள்ளி, அதன்பின் யந்திரம். கோயிலிலே கேட்பாரை உண்டாக்கி, பள்ளியிலே கற்பாரை உண்டாக்கி, அதன்மேல் அவர்க்கு வேண்டிய நூலைத் தரும்பொருட்டு யந்திரத்தைக் கொணர்ந்தார். யந்திரம் மூன்றாவதாக வந்தமையாலே அஃது ஏவல் செய்தது. அது முன்னாக வந்து பள்ளியும் பிரசங்கமும் பின்னாக வந்திருக்குமாயின், படிப்பாரின்றித் தாள்கள் கிடந்திருக்கும். அன்றேல், எது விலைபோகுமோ அதனையே அச்சிடும் வாணிகமாக அது மாறியிருக்கும். பிழையில்லாத பதிப்புக்கு நாவலர் பெயர்பெற்றதும் இதுபற்றியே. யந்திரம் ஒரு பிழையை ஆயிரம் பிழையாக்கும் என்பதை அவர் அறிவார். ஆதலால், யந்திரத்தின் விரைவுக்குத் தம் கண்ணின் விரைவை ஒப்புக்கொடுத்திலர். குயவன் கை சக்கரத்தின்மேல் இருந்தது.

அச்சு வந்தமையால் நாம் யாதும் இழந்திலமோ எனின், இழந்தோம். திண்ணைப்பள்ளியிலே நிகண்டையும் நீதிநூல்களையும் வரப்பண்ணிய பிள்ளைக்கு நெஞ்சே நூல்நிலையமாக இருந்தது. நூல் கைக்கு எளிதாக வந்தபின், "புத்தகத்திலே இருக்கின்றது, வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்னும் எண்ணம் வந்தது, மனனம் குன்றிற்று. பெற்ற பேறு பெரிதாயினும் இழந்ததை மறத்தலாகாது. ஒவ்வொரு புதுமையும் ஒருகையாற் கொடுத்து மறுகையால் ஒன்றை வாங்கிக்கொண்டே செல்லும். வாங்கிச்செல்வது யாதென்று பாராதிருப்பவனே ஏமாறுவான்.

கணினி முதலிய இக்காலக் கருவிகள் நமக்குச் செய்த நன்மையையும் மறைத்தலாகாது. தேவாரத் திருமுறைகள் தில்லையிலே பூட்டிய அறையினுள்ளே செல்லரித்துக் கிடந்தன என்பதும், இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியவற்றை மீட்டனர் என்பதும் மரபு. சிறுப்பிட்டியிலே தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், தொட்டால் ஒடியும் ஏடுகளினின்று பழந்தமிழ் நூல்களை மீட்டு, 1887-ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றினார். செல்லுக்குத் தப்பியவை தீக்குத் தப்பவில்லை. 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவு தொடங்கிய வன்முறையிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களும், அவற்றோடு மீளப்பெறலாகா ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அவ்விரவை நினைக்கும்போது நெஞ்சு இன்றும் வேகின்றது. அதன்பின்னர், 1998-ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகமும், ஊதியம் கருதாத தமிழன்பர் பலருடைய உழைப்பினாலே, பழைய நூல்களையும் நம் நாட்டுப் பத்திரிகைகளையும் எவ்வூராரும் எடுத்துப் படிக்குமாறு இணையத்தில் வைத்திருக்கின்றன. ஒரே நூல் பல தேயங்களிற் பிரதியாக இருக்குமாயின் ஒரு தீ அதனை எரித்தல் இயலாது. வன்னியின் ஒரு சிற்றூரிலே இருக்கும் ஆசிரியரும் இன்று பன்னிரு திருமுறையையும் தம் கையிலே திறந்து நோக்கலாம். இதனைத் தீமையென்று கூறுவோன் நன்றிமறந்தவனாவான்.

கருவியைப் போலவே கருத்தும் புதிதாக வரும். அதனையும் புதிது என்பதுபற்றித் தள்ளலாகாது என்பதற்கு நாம் வெட்கத்தோடு நினைக்கவேண்டிய வரலாறொன்று உண்டு. 1930-ஆம் ஆண்டளவிலே, பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கிலே ஒப்ப இருத்தல்வேண்டும் என்னும் 'சமாசனம்' யாழ்ப்பாணத்தில் நடைமுறைக்கு வந்தபோது, அதனைப் பலர் எதிர்த்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. எதிர்த்தவருள்ளே திருநீறு பூசியவரும் இருந்தனர். எவ்வுயிரும் பசு, பதி ஒருவனே என்று ஓதிய வாய், பக்கத்திலே ஒரு பிள்ளை இருத்தலைப் பொறுக்கவில்லை. அன்று 'புதுமை' என்று இகழப்பட்டது உண்மையிலே நம் நெறிக்குப் பழமை. 'பழமை' என்று காக்கப்பட்டது நம் நெறிக்கு அழுக்கு. நாயன்மார் வரலாற்றை ஓதிய நமக்கு இது தெரியாதிருந்தது எவ்வாறு? ஆதலின், பழமை என்னும் பெயராலே ஒன்றைக் காக்குமுன்னும், புதுமை என்னும் பெயராலே ஒன்றைத் தள்ளுமுன்னும், சார்ந்த உயிர் எவ்வண்ணமாம் என்று ஆராய்தலே நம் கடன்.

இவ்வளவும் சொல்லி, இனி இக்காலத்து யந்திரத்துக்கு வருவாம். 2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் 'சாட்ஜிபிடி' என்பது உலகத்தார் கைக்கு வந்தது. அதன்பின் அவ்வினத்தன பல வந்தன. இவற்றின் இயல்பை ஆசிரியர் அறிந்திருத்தல் அவசியம். மனிதர் எழுதிவைத்த எண்ணிறந்த சொற்களை இந்த யந்திரங்களுக்கு ஊட்டுகின்றனர். எச்சொல்லின்பின் எச்சொல் வரத்தகும் என்பதைப் பெருங்கணக்காற் பயின்று, நாம் வினாவும்போது அக்கணக்கின்படியே சொல்லைச் சொல்லோடு தொடுத்து அவை விடை தருகின்றன. விடை பலவிடத்துச் செம்மையாகவே இருக்கும். சிலவிடத்து வியக்கத்தக்கதாகவும் இருக்கும். ஆயினும் உண்மையைச் சொல்லுதலும் பொய்யைச் சொல்லுதலும் அறிவுடைய பொருளின் செயல்கள். இதற்கோ தான் சொல்வது மெய்யோ என்னும் அச்சமில்லை. பொய்யாயின் நாணமும் இல்லை. மெய்யைச் சொல்லும் அதே தெளிந்த நடையிலே பிழையையும் சொல்லும். அஃதன்றியும், ஆங்கிலத்தை நோக்க அதற்கு ஊட்டப்பெற்ற தமிழ் மிகச் சிறிது. தமிழுள்ளும் திருமுறைத் தமிழ் எத்துணைச் சிறிது என்பதை நீங்களே எண்ணிக்கொள்க.

இதுபற்றி எமக்கு ஓராசிரியர் சொல்லிய செய்தியை, அவர் இசைவோடு இங்கே எழுதுகின்றோம். பெயரும் ஊரும் வேண்டா. சித்திரைச் சதயத்திலே திருநாவுக்கரசு நாயனார் குருபூசை. ஒரு மாணாக்கி கோயிலிலே பேசுவதற்கு ஒரு பேச்சு எழுதிக்கொடுக்கவேண்டும். தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் மேசையிலே குவிந்திருந்தமையால், ஆசிரியர் கைத்தொலைபேசியிலுள்ள யந்திரத்தை வினாவினார். அரை நிமிடத்திலே பேச்சு வந்தது. நடை நன்றாக இருந்தது. இடையே 'அப்பர் தேவாரம்' என்று நான்கடிப் பாட்டொன்றும் இருந்தது. மாணாக்கி அதனை இரண்டுநாளில் வரப்பண்ணி, குருபூசையன்று இசையோடு சொன்னாள். யாவரும் மகிழ்ந்தனர், பரிசும் கொடுத்தனர்.

மடைப்பள்ளியின் பக்கத்திலே இருந்து பூத்தொடுக்கும் மூதாட்டியார் ஒருவர், பூசை முடிந்தபின் ஆசிரியரிடத்து மெல்ல வந்து, "தம்பி, பிள்ளை படிச்ச அந்தத் தேவாரம் எந்தத் தலத்துக்கு உரியது? நான் சின்னவயசிலேயிருந்து கேட்டுவாறன், இது என்ரை காதிலை ஒருநாளும் விழவில்லை" என்றார். ஆசிரியர் வீட்டுக்குச் சென்று நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகளைத் தேடினார். அப்பாட்டு அங்கே இல்லை. பிற திருமுறைகளிலும் இல்லை. யந்திரம் தேவாரம்போல ஒன்றைத் தானே கட்டிக்கொடுத்திருந்தது.

அம்மூதாட்டியார் மூன்றாம் வகுப்புக்குமேற் படித்தவரல்லர். ஒருவர் பல பிறவியிலும் படித்து முடிக்கலாகா அளவு சொற்களை உண்ட யந்திரத்துக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது எவ்வாறு? தாய் இறந்த அன்றும், பிள்ளை பிறந்த அன்றும், இடம்பெயர்ந்து மரத்தடியிலே படுத்த அன்றும் அத்தேவாரங்களைச் சொல்லி அழுதவர் அவர். அவருக்கு அவை உடன்பிறந்தாரைப் போல. வீட்டுக்குள்ளே அயலார் ஒருவர் உடன்பிறந்தாருடைய உடையை உடுத்து வந்தால், முகம் பாராமலே நடையினால் அறிந்துகொள்வோமன்றோ? அத்தன்மையது அவ்வறிவு. சொற்களைத் திரட்டுதல் ஒன்று. சொல்லோடு வாழ்தல் வேறொன்று.

ஆசிரியர் செய்தது யாதெனின், மறுவாரம் காலைப் பிரார்த்தனையின்போது பிள்ளைகள் எல்லார் முன்னும் நின்று, "அப்பாட்டு அப்பருடையதன்று. பார்க்காமற் கொடுத்த பிழை என்னுடையது, பேசிய பிள்ளைமேற் குற்றமில்லை" என்று சொன்னார். இதனை எமக்குச் சொல்லும்போது அவர் கண்கலங்கினார். யந்திரம் செய்யமாட்டாதது இதுவே. பிழைக்குப் பொறுப்பேற்று நாணி நிற்றல் கருத்தாவுக்கே உரியது. அன்று அப்பிள்ளைகள் கற்ற பாடம், பரிசுபெற்ற பேச்சினும் பெரிதென்று நாம் எண்ணுகின்றோம்.

அற்றேல், "அச்சு வந்தபோதும் அஞ்சினீர், கணக்குப்பொறி வந்தபோதும் வாய்பாடு கெட்டதென்று புலம்பினீர், உலகம் கெட்டொழியவில்லையே, இதற்கும் அவ்வாறே பழகிவிடுவோம்" என்பாராயின், அவர்க்கு விடை கூறுவாம். அச்சியந்திரம் சொல்லைப் பெருக்கியதேயன்றிச் சொல்லைத் தெரிந்தெடுக்கவில்லை. நூலிலே பிழையிருப்பின் அதன் முகப்பிலே எழுதினவர் பெயர் உண்டு; அவரை வினாவலாம், மறுக்கலாம். கணக்குப்பொறி ஒரு கணக்குக்கு என்றும் ஒரே விடையைத் தரும். இதுவோ, எழுதினவர் பெயரில்லாத நூல்; இன்று ஒன்றும் நாளை மற்றொன்றும் சொல்லும் நூல்; நாம் சிந்திக்கவேண்டிய இடத்திலே தானே சிந்தித்தாற்போல எழுதிக்கொடுக்கும் நூல். முன்னைக் கருவிகள் நம் கைக்கும் கண்ணுக்கும் துணையாயின. இதுவோ நெஞ்சின் இடத்திலே வந்து இருக்கப் பார்க்கின்றது. ஆதலின், பழகிவிடுவோம் என்று வாளாவிருத்தல் போதாது.

ஞானத்துக்குக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என நான்கு படி கூறுவர். உலகக் கல்விக்கும் முதல் மூன்று படியும் இன்றியமையாதன. பிள்ளை ஒரு கட்டுரை எழுதும்போது, சொல் வராமல் எழுதுகோலைக் கடித்துக்கொண்டு இருக்கின்றதே, அந்தக் கால்நாழிகையிலேதான் சிந்தித்தல் நிகழ்கின்றது. எழுதினதை வெட்டி மறுபடியும் எழுதும்போது தெளிதல் நிகழ்கின்றது. யந்திரம் இவ்விரண்டையும் நீக்கி, கேட்டலிலிருந்து விடைக்குப் பிள்ளையைத் தூக்கிவைக்கின்றது. தூக்கிவைக்கப்பட்ட பிள்ளைக்குப் படியேறத் தெரியாது. அது இதனையே சார்ந்து வளருமாயின் எவ்வண்ணமாம்? நடையழகுடையதாய், உள்ளீடில்லாததாய், மெய்க்கும் பொய்க்கும் வேறுபாடு தோன்றாததாய் ஆகிவிடும். நாளைய உலகமோ பொய்யை மெய்போலக் காட்டும் உலகம். ஒருவர் குரலைப்போலவே மற்றொரு குரலையும், முகத்தைப்போலவே மற்றொரு முகத்தையும் யந்திரத்தால் ஆக்கி ஏமாற்றுவார் இப்போதே உளர். தெளிதற்படியை ஏறாத பிள்ளை அவ்வுலகத்திலே யாரை நம்பும், எதனை நம்பும்? நாம் அஞ்சுவது இதற்கே.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பெருந்தொற்றினாலே பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் கைத்தொலைபேசிக்குள்ளே சென்றது. கருவி இருந்த பிள்ளைக்குப் பாடம் இருந்தது. இல்லாத பிள்ளைக்குப் பாடமும் இல்லையாயிற்று. நம் நாட்டிலே மலைப்பாங்கான சில ஊர்களில் அலைவரிசை கிடைக்கும் இடந்தேடிப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறினர். 2022-ஆம் ஆண்டிலே பொருளாதாரம் நிலைகுலைந்தபோது, மார்ச்சு மாதத்திலே மேல்மாகாணத்தில் காகிதமின்றித் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அம்மாத முடிவிலே மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரத்தை எட்டியது. யந்திரமும் ஓய்ந்தது, அச்சும் ஓய்ந்தது. அவ்விருளிலே ஒரு குப்பிவிளக்கைச் சுற்றியிருந்த பிள்ளைகளுக்கு எஞ்சியது, நெஞ்சிலே இருந்த தேவாரமும், வாய்பாடும், பாட்டி சொன்ன கதையும், அயல்வீட்டு ஆசிரியருமே. கருவிகள் வரும், போம். வாங்க வல்லார்க்கு இருக்கும், மாட்டாதார்க்கு இராது. நெஞ்சில் விதைத்தது எல்லார்க்கும் ஒக்க இருக்கும்.

ஆகவே, ஆசிரியர் செய்யத்தக்கவை எவை என வினாவின், எமக்குத் தோன்றுவன சிலவற்றைக் கூறுவாம்.

முதலாவது, யந்திரம் தந்த எதனையும், மூலநூலோடு ஒத்துநோக்காது மாணாக்கர் வாயிலே வைத்தலாகாது. திருமுறையும் புராணமும் சாத்திரமுமாயின் இவ்விதி தவறவே கூடாது. நேரமில்லையாயிற் பேச்சுச் சிறிதாகட்டும், மெய்யாக இருக்கட்டும்.

இரண்டாவது, கட்டுரையை வகுப்பிலே, கையினாலே, நம் கண்முன் எழுதுவிக்க. வீட்டிலே எழுதிவந்ததாயின், "இதனை ஏன் இவ்வாறு எழுதினாய்?" என்று வாயினால் வினாவுக. தான் எழுதிய பிள்ளை தடுமாறியேனும் விடைசொல்லும். பிறிதொன்று எழுதிக்கொடுத்த பிள்ளை மௌனமாகும். மௌனமாயின் பலர்முன் நாணச்செய்யாது, அருகே இருத்தி மறுபடியும் எழுதுவிக்க. அப்பிள்ளை செய்தது நாமும் வேலை மிகுந்த நாளிலே செய்யத் துணிந்ததுதானே.

மூன்றாவது, யந்திரத்தை ஒளித்துவைத்தலிற் பயனில்லை. வகுப்பின் நடுவே கொணர்ந்து வைக்க. ஒரு நாயனாருடைய வரலாற்றை அதனிடம் வினாவி, அது தந்த விடையைப் பெரியபுராண வசனத்தோடு ஒப்பிட்டுப் பிழை காணுமாறு மேல்வகுப்பு மாணாக்கரை ஏவுக. பிழைகாணும் பிள்ளை இரண்டு பயன் பெறும்: நூலையும் கற்கும்; யந்திரத்தை அளந்தும் அறியும். அன்றுமுதல் அப்பிள்ளை அதற்கு அடிமையாகாது.

நான்காவது, நாளொரு பாட்டேனும் வரப்பண்ணுவிக்க. பொருள் இன்று முழுதும் விளங்காதாயினும் ஆகுக. துன்பம் வரும் நாளிலே பொருள் தானே விளங்கும்.

ஐந்தாவது, நாம் இணையத்துக்குக் கொடுக்கவேண்டிய கடனும் உண்டு. நம் ஊர்க் கோயில்களின் வரலாறு, முதியோர் பாடும் பண்முறை, நம் நாட்டுச் சொல்வழக்கு, வீடுகளிலே பெட்டியில் உறங்கும் பழைய பத்திரிகைகள் என்பவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு பதிவுசெய்து, பிழைதிருத்தி, மின்னூலகங்களிலே சேர்ப்பிக்க. நாளை யந்திரம் எதனை உண்டு வளருமோ அதனை இன்று நாம் இடவேண்டும். நல்லதை நாம் இடாவிடின், பிறர் இட்ட அல்லதை அது உண்டு நம் பிள்ளைகளுக்கே திருப்பிக்கொடுக்கும்.

ஆறாவது, கருவியில்லாத பிள்ளையை வகுப்பிலே கடைப்பட்டவனாக்காதொழிக. கருவி இருந்தாற்றான் செய்யக்கூடிய வேலையைக் கொடுக்கும் ஆசிரியர், அறியாமலே மறுபடியும் வாங்கைப் பிரிக்கின்றார் என்பதை நினைத்துக்கொள்க.

திருநாவுக்கரசு நாயனார் குருபூசையைப்பற்றிக் கூறினோம். அவருடைய வரலாற்றைக்கொண்டே இதனை முடிப்பாம். அப்பர் சுவாமிகள் கையிலே எப்போதும் ஒரு கருவி இருந்தது. அஃது உழவாரம். இரும்பாற் செய்தது, புல்லைச் செதுக்குவது. அதனாலே அவர் திருக்கோயில் வீதிகளைத் திருத்திக் கைத்தொண்டு செய்தார். திருப்புகலூரிலே அவர் அவ்வாறு செய்துவரும் நாளில், அவருடைய நிலையை உலகறியச் செய்யத் திருவுளங்கொண்ட இறைவன், உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் பொலியச் செய்தான் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அவரோ அவற்றைப் பருக்கைக் கற்களாகவே எண்ணி, புல்லோடு கூட உழவாரத்தினால் ஏந்திக் குளத்திலே எறிந்தார்.

இக்காலத்துக் கருவியும் செதுக்கச் செதுக்கப் பொன்போல மின்னுகின்றது. விரைவு, அழகிய நடை, உழையாது வந்த பரிசு, பிறர் வியப்பு என்னும் பலவும் அதனடியிலே பொலிகின்றன. பொன்னைக் கண்டு உழவாரத்தை எறிந்தாரல்லர் அப்பர். உழவாரத்தைப் பிடித்துக்கொண்டே பொன்னை எறிந்தார். எதற்காக அக்கருவியைக் கையிலெடுத்தோம் என்பதை அவர் மறக்கவில்லை: சுவாமி எழுந்தருளும் வீதியிலே அன்பர் கால் வைப்பதற்கு இடஞ்செய்தலே அதன் பயன். நம் வீதி பிள்ளையின் நெஞ்சு. அங்கே புல்லைக் களைந்து இடஞ்செய்தலே ஆசிரியத்தொழில். அதற்கு உதவும் கருவி எந்நாட்டதாயினும், எக்காலத்ததாயினும் வருக. நம் கையிலே இருக்க. ஆனால் பிடித்திருக்கும் கை நம்முடையதாகுக. அக்கையை நடத்துவது திருவருளாகுக.

வரும் தவணை தொடங்கும் நாளிலே, வகுப்பறைக்குள் நுழையுமுன் வாயிலிலே ஒருகணம் நின்று, "இன்று இப்பிள்ளைகள் எதனைச் சார்வார்?" என்று நம்மை நாமே வினாவிக்கொள்வோமாக. அவ்வினாவுக்கு விடை யந்திரத்தினிடத்து இல்லை, நம்மிடத்து உண்டு. சிவபெருமான் அதற்குத் துணைசெய்க.

திருச்சிற்றம்பலம்.